நாங்கள் வந்த கதை

பள்ளிக்கூட வாசலில் ஆசிரியை "ஒரு நிமிடம் கதைக்கலாமா?" என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் வயிற்றுக்குள் ஒரு கலக்கம் வரும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டன் பள்ளிகளில் படித்த எங்களுக்கு அந்தக் கலக்கம் பழகியது. நிறத்துக்காக, பெயருக்காக, சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த புட்டுக்காக வாங்கிக்கட்டியவர்கள் நாங்கள். அதனால் "என் பிள்ளையை யாரோ ஏதோ சொல்லிப்போட்டார்கள்" என்பதுதான் முதலில் மனதில் ஓடும். எனக்கும் அதுதான் ஓடியது.

அன்றைக்கு ஆசிரியை சொன்னது வேறு. என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள். சூடானில் இருந்து வந்தவள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, தாயோடும் தம்பியோடும் ஒரு ஹோட்டல் அறையில் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் என் மகள் அவளிடம் சொல்லியிருக்கிறாள்: "நீங்கள் எங்கட வரிக்காசில சும்மா ஹோட்டலில இருக்கிறீங்கள். போட்டில வந்தவை எல்லாரும் திரும்பிப் போகவேணும்." அந்தப் பிள்ளை சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாளாம்.

ஆசிரியை கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. காரில் ஏறிய பிறகு மகளிடம் கேட்டேன், "இதை எங்க கேட்டனி?" ஒரு தயக்கமும் இல்லாமல் பதில் வந்தது: "தாத்தா சொன்னவர். பார்ட்டியில."

அவள் தாத்தா என்று சொல்வது என் பெரிய மாமாவை. அம்மாவின் அண்ணன். அதற்கு முந்தின வாரம் ஹரோவில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் ஒரு பக்கம் இருந்து நாட்டு நடப்பு கதைத்தார்கள். "நாங்கள் முறையா வந்தனாங்கள். இவை போட்டில ஏறி வருகினம், ஹோட்டலும் சாப்பாடும் குடுக்கிறாங்கள்" என்று மாமா சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் என்ன செய்தேன்? கேக் வெட்டின கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியவர்களோடு எதற்கு வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன். நான் விட்டதைப் பிள்ளை பிடித்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே மாதம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் குறள் போட்டி. மகளுக்கு வந்த அதிகாரம் விருந்தோம்பல். பத்துக் குறளையும் பிழையில்லாமல் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருந்தாள்.

மாமா எப்படி வந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். முழுதாக யாரும் கதைப்பதில்லை. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் நான் வாசித்து உறுதிப்படுத்திக்கொண்ட வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் தலைமுறைக்கு இது பள்ளியிலும் சொல்லித்தரப்படவில்லை, வீட்டிலும் சொல்லித்தரப்படவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் லண்டனுக்குப் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். பொதுநலவாய நாட்டவர் என்பதால் அப்போது இங்கே வர முன்கூட்டியே விசா எடுக்கத் தேவை இருக்கவில்லை. 1985இல் பிரித்தானிய அரசு இலங்கையர்களுக்கு விசாக் கட்டாயம் கொண்டுவந்தது. பொதுநலவாய நாடு ஒன்றுக்கு இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. காரணம் நாங்கள்தான். கொழும்பில் போய் "என்னை ஆமி தேடுது, அகதி விசா தாருங்கள்" என்று கேட்க ஒரு வழியும் இல்லை. அப்படியொரு விசா அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இந்த நாட்டில் அகதியாக விண்ணப்பிக்க வேண்டுமானால் இந்த நாட்டு மண்ணில் நிற்க வேண்டும். அதனால் எங்கள் ஆக்கள் ஏஜென்சியைப் பிடித்தார்கள், வேறு பெயரில் பாஸ்போர்ட் எடுத்தார்கள், நாலு நாடு சுற்றி வந்தார்கள்.

1987 பெப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப்போனபோது, விமான ஓடுபாதைப் பக்கத்தில் உடுப்புகளைக் கழற்றிப்போட்டு, உள்ளாடையோடு அந்தக் குளிரில் நின்று மறுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. நீதிமன்றம் தலையிட்டு அந்தப் பயணத்தை நிறுத்தியது. அடுத்த மாதமே அரசு ஒரு புதுச் சட்டத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம். இன்றைக்கு விமானத்தில் ஏற முடியாமல் சனம் ரப்பர் படகைத் தேடிப் போவதற்குப் பின்னால் இப்படியான சட்டங்களும் இருக்கின்றன. அந்தச் சட்டம் பிறந்தபோது அந்த ஓடுபாதையில் நின்றவர்கள் தமிழர்கள்.

அதே 1987இல் எசெக்ஸில் உள்ள ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டிவைத்து, அதில் அகதி விண்ணப்பதாரர்களை அடைத்து வைத்தார்கள். அதில் பெரும்பாலானோர் தமிழர். அந்த ஒக்டோபரில் வந்த பெரும் புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. அதற்குப் பிறகுதான் ஆக்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 2023இல் டோர்செட்டில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதக்கும் தங்குமிடத்தில் அகதிகளை வைத்தபோது தொலைக்காட்சியில் எல்லோரும் இது புதிய யோசனை போலக் கதைத்தார்கள். எங்கள் சித்தப்பாமாருக்கு அது புதிதல்ல.

1988 பெப்ரவரியில் ஐந்து தமிழர்களை இங்கிருந்து இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் அகதிகள் அல்ல என்பதே ஹோம் ஒஃபிஸின் முடிவு. அடுத்த வருடம் மேன்முறையீட்டில் அந்த முடிவு பிழை என்று தீர்ப்பாகி அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய வழக்கு 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனது. 'பொய் அகதி', 'பொருளாதாரத்துக்காக வந்தவர்கள்' என்ற சொற்கள் எங்கள் ஆக்களின் மேல்தான் அன்றைக்கு ஒட்டப்பட்டன. சொல்லோடு நிற்கவுமில்லை. 1991 டிசம்பர் கடைசியில் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ் அகதி இளைஞரை இனவெறிக் கும்பல் ஒன்று அடித்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

இதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் பெரிய மாமாவுக்குப் போன் எடுத்தேன். கோபமாகத்தான் எடுத்தேன். மகள் பள்ளியில் சொன்னதைச் சொன்னேன். மற்றப் பக்கம் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வாறன், பிள்ளை" என்றார்.

வந்தார். தேத்தண்ணீர் குடித்தார். பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார். அவர் சொன்னதைக் கிட்டத்தட்ட அவர் வாயாலேயே எழுதுகிறேன்.

"நான் 86இல வந்தனான். எனக்கு 22 வயசு. பாஸ்போர்ட்டில இருந்தது என்ர பேர் இல்ல. ஹீத்ரோவில கக்கூசுக்குள்ள போய் அதைக் கிழிச்சுப் போட்டிட்டுத்தான் வெளியில வந்தனான். ஏஜென்சிக்காரன் அப்படித்தான் சொல்லிவிட்டவன். பிடிச்சு விமான நிலையத்துக்குப் பக்கத்தில ஒரு இடத்தில அடைச்சு வைச்சிருந்தவங்கள். அங்க ஒரு வெள்ளைக்காரக் கிழவி வருவா. சேர்ச்சில இருந்து வாறவ. எனக்கு அவவின்ர இங்கிலிஸ் விளங்காது, அவவுக்கு என்ர விளங்காது. வெளியில விட்ட பிறகு குரொய்டனில உள்ள லூனார் ஹவுசுக்குப் போகவேணும். விடிய அஞ்சு மணிக்கு வரிசையில நிக்கவேணும். அவ என்னோட வந்து நிண்டவ. எழுபது வயசு இருக்கும். ஒரு டப்பாவில சோறு கொண்டு வந்தவ. நான் சோறு தின்னுற ஆள் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். திறந்து பார்த்தா, பாலும் சீனியும் போட்டு ஆறிப்போன புக்கை மாதிரி. குளிர். பசி. முழுக்கச் சாப்பிட்டனான்."

மகள் கேட்டாள், "அது ரைஸ் புடிங், தாத்தா?"

"ஓம், அது ரைஸ் புடிங் எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும். சோத்தைப் பழுதாக்கிப் போட்டுது இந்த மனிசி எண்டுதான் அண்டைக்கு நினைச்சனான்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு மகள், பிள்ளைகள் கேட்கிற மாதிரி, நேராகக் கேட்டாள்: "அப்ப நீங்களும் முறையா வரேல்லையா?"

மாமா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இல்லை. பயம், பிள்ளை. ரீவியில பார்க்கிற சனம் என்னையும் அவையளோட சேர்த்துத்தான் பார்க்குது. நான் வேற, அவை வேற எண்டு சொல்லிக்கொண்டிருந்தா எங்களை விட்டிடுவாங்கள் எண்டு ஒரு நினைப்பு."

அந்த நினைப்பு மாமாவுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுக்களைத் திறந்து பாருங்கள். படகுப் படங்கள், ஹோட்டல் படங்கள், பாதி உண்மையும் பாதி பொய்யும் கலந்த பார்வேர்ட்டுகள். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரில் கோயிலுக்கும் பள்ளிக்கும் காசு அனுப்புகிறவர்கள்தான். பயந்தவன் தன்னைவிடப் பின்னால் நிற்பவனைக் காட்டிக்கொடுத்துத் தப்பப் பார்க்கிறான். ஆனால் அப்படித் தப்ப முடியுமா?

விண்ட்ரஷ் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். கரீபியன் தீவுகளிலிருந்து 1973க்கு முன்னால் முழுக்க முழுக்கச் சட்டப்படி வந்தவர்கள். இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் பஸ்களிலும் வேலை செய்து வயசு போனவர்கள். பத்திரம் காட்டச் சொன்னபோது காட்ட முடியாமல் அவர்களில் பலர் வேலை இழந்தார்கள், வீடு இழந்தார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல்தான் அது பெரிய செய்தியானது. 'முறையாக வந்தோம்' என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை நிரந்தர வதிவிடத்துக்கான காத்திருப்பை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக்கும் திட்டத்தைச் சொன்னது. அதே செப்டெம்பரில் ரிஃபோர்ம் கட்சி ஒரு படி மேலே போய், நிரந்தர வதிவிடம் என்பதையே எடுத்துவிடப்போவதாகவும், ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்களும் புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அறிவித்தது. கோடு நகர்ந்துகொண்டே வருகிறது. இன்றைக்குப் படகில் வந்தவர், நாளைக்கு விசாவில் வந்தவர். 2025 செப்டெம்பர் 13ஆம் திகதி மத்திய லண்டனில் பொலிஸ் கணக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். அன்றைக்கு ரயிலில் போக எங்களில் எத்தனை பேர் தயங்கினோம்? அந்தத் தயக்கம் வந்தபோது நாங்கள் எந்த வருடம், எந்தப் பத்திரத்தோடு வந்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். கோபப்படுகிற எல்லோரும் இனவெறியர்கள் இல்லை. வீட்டு வாடகை கழுத்தை நெரிக்கிறது. டொக்டரைப் பார்க்கக் கிழமைக்கணக்காகக் காத்திருக்கிறோம். எப்பிங்கில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு முன்னால் 2025 ஜூலையில் போராட்டம் தொடங்கியது, அங்கே தங்கியிருந்த ஒருவர் ஒரு 14 வயதுச் சிறுமியிடம் செய்த குற்றத்தால். அவர் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறைக்குப் போனார். பெண் பிள்ளை வைத்திருக்கிற எனக்கு அந்தச் செய்தி சாதாரணமாகக் கடந்து போகிற ஒன்றல்ல. குற்றம் செய்தவரைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் அதற்காக என் மகளின் வகுப்பில் இருக்கிற ஒன்பது வயதுப் பிள்ளை பதில் சொல்ல வேண்டுமா? எண்பதுகளில் தமிழ் வாலிபர் ஒருவர் செய்த குற்றத்துக்கு என் மாமா பதில் சொல்லியிருக்க வேண்டுமா?

'சும்மா ஹோட்டலில்' என்று மகள் சொன்னதற்கும் கணக்குப் பார்த்தேன். சாப்பாடு தரும் ஹோட்டலில் இருக்கும் அகதி விண்ணப்பதாரருக்கு அரசு தருவது ஆளுக்குக் கிழமைக்குப் பத்துப் பவுணுக்குள். தாங்களே சமைக்கும் இடத்தில் இருந்தால் சுமார் 49 பவுண். முதல் 12 மாதம் வேலை செய்ய அனுமதியே இல்லை. அதற்குப் பிறகும் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். வேலை செய்ய விடாமல் வைத்துவிட்டு 'வேலை செய்யாமல் இருக்கிறார்கள்' என்று சொல்வது எங்கள் ஊரில் மாட்டைக் கட்டிவைத்துவிட்டு மேயவில்லை என்று அடிக்கிற கதைதான்.

எதிர்ப்பு இருந்த இடங்களிலெல்லாம் வரவேற்றவர்களும் இருந்தார்கள். அந்தக் கதைகளும் எங்கள் கதைகள்தான். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதைகள்.

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 தமிழர்கள். மீன் பிடிக்கப் போன கஸ் டோல்ட்டன் என்ற கப்டன் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டார். இந்தியாவிலிருந்து நேராக வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னது பிறகு பொய்யென்று தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார்கள். கனடாவில் பலருக்குக் கோபம். ஆனாலும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இருக்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தது. இன்றைக்கு டொரொண்டோவில் உங்களுக்கு இருக்கிற மச்சான் மச்சாள்மாரை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிலோயெலா என்று ஒரு சின்ன ஊர். பிரியா, நடேஸ் என்ற தமிழ்த் தம்பதியும் அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அங்கே வாழ்ந்தார்கள். நடேசுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை அதிகாரிகள் வந்து குடும்பத்தோடு கொண்டுபோனார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவில் அடைத்தார்கள். அந்த ஊர் இடதுசாரி ஊர் இல்லை. பழமைவாதக் கட்சிக்கு வாக்களிக்கிற நாட்டுப்புறம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவர்கள் எங்கள் அயலவர்கள். நாலு வருடத்துக்கு மேல் விடாமல் கேட்டார்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் பிலோயெலாவுக்குத் திரும்பி வந்தது. சில வாரங்களில் நிரந்தர விசாவும் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் நடந்தது. 2024 ஜூலை கடைசியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் சமூக ஊடகங்களில் பரவியது. அந்தப் பொய்யை நம்பிக் கலவரம். ரொதரமில் அகதிகள் இருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். ஓகஸ்ட் 7ஆம் திகதி குடிவரவுச் சட்ட ஆலோசனை நிலையங்களைத் தாக்கப் போவதாக ஒரு பட்டியல் வந்தது. வோல்தம்ஸ்டோவும் அதில் இருந்தது. கடைக்காரர்கள் பின்னேரமே கதவைப் பூட்டினார்கள். இரவு என்ன நடந்தது? ஆயிரக்கணக்கான சனம் வந்து ஹோ ஸ்ட்ரீட்டை நிறைத்து நின்றது. தாக்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. அன்றிரவு அங்கே நின்றவர்களில் பெரும்பாலானோர் ஒருநாளும் எங்கள் பெயர் கேட்டறியாதவர்கள். எங்களுக்காகவும்தான் நின்றார்கள்.

அந்த வருட டிசம்பரில் இன்னொரு சின்னச் செய்தி வந்தது, எங்களில் பலர் கவனிக்கவில்லை. 2021 ஒக்டோபரில் படகு பழுதாகி, இந்துமா சமுத்திரத்தின் நடுவில் டியேகோ கார்சியா என்ற பிரித்தானிய இராணுவத் தீவில் கரைசேர்ந்த தமிழர்களை மூன்று வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வருடமும் கூடாரத்தில் இருந்தவர்கள். எலித் தொல்லைக்குள் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை அப்படி அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த மாதமே தீர்ப்பும் வந்தது. படகில் வருகிறவர்கள் என்று நாங்கள் சொல்லும் கூட்டத்துக்குள் இன்னும் எங்கள் ஆக்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது என் மகளின் சனிக்கிழமைப் பள்ளிக்கு வந்தால் நாங்கள் என்ன முகத்தோடு வரவேற்போம்?

சரி, பெற்றோராக நாங்கள் என்ன செய்யலாம்? பெரிய பெரிய விஷயம் ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்து பார்த்ததையும், செய்ய இருப்பதையும் சொல்கிறேன்.

முதலாவது, வந்த கதையை வீட்டில் சொல்லுங்கள். கிழித்த பாஸ்போர்ட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பா அம்மாமாருக்கு வயசாகிறது. கேட்காவிட்டால் அந்தக் கதை அவர்களோடு போய்விடும். அப்படிப் போனால், பிள்ளைக்கு மிஞ்சுவது ரீவியில் வருகிற கதை மட்டும்தான்.

இரண்டாவது, வட்ஸ்அப்பில் பிழையான ஒன்று வந்தால் குழுவுக்குள் சண்டை பிடிக்காதீர்கள். அனுப்பியவருக்குத் தனியாக ஒரு போன். "மாமா, நீங்கள் வரேக்க எப்படி?" என்று கேட்டுத் தொடங்குங்கள். எனக்கு அது வேலை செய்தது. கத்தி கழுவிக்கொண்டு நின்றது வேலை செய்யவில்லை.

மூன்றாவது, பிறந்தநாள் அழைப்பு. ஹோட்டலில் இருக்கிற பிள்ளையை அழைத்தால், பரிசு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகவும் சொல்லுங்கள். பஸ் காசுதான் பல தாய்மாரைத் தடுக்கிறது. அவர்களால் திருப்பி அழைக்க முடியாது என்பதை உங்கள் பிள்ளைக்கு விளங்கப்படுத்துங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் 'ஸ்கூல்ஸ் ஒஃப் சாங்சுவரி' திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அகதிப் பிள்ளைகளை வரவேற்கப் பள்ளிகள் தங்களைத் தயார்படுத்திக்கொள்ளும் திட்டம் அது. இல்லாவிட்டால் பெற்றோர் கூட்டத்தில் ஒருதரம் கை உயர்த்திக் கேட்டாலே போதும்.

நாலாவது, எங்கள் கோயில்கள். லண்டனில் அன்னதானம் போடாத தமிழ்க் கோயில் குறைவு. சமையலறை இருக்கிறது, பெரிய பானை இருக்கிறது, உதவிக்கு ஆள் இருக்கிறது. பக்கத்தில் அகதிக் குடும்பங்கள் இருக்கிற இடத்தோடு கதைத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுச் செய்யலாம். கேட்காமல் கொண்டுபோனால் அதுவும் சீனி போட்ட சோறுதான்.

ஐந்தாவது, எங்கள் ஆக்களில் புதிதாக வந்தவர்கள். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பராமரிப்பு வேலை விசாவில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பல பேர் ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்தவர்கள். வேலை தந்த நிறுவனத்தின் உரிமம் பறிபோனால், வழமையாக 60 நாளுக்குள் வேறு இடம் தேட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவர்களுடைய ஆங்கிலத்தையும் உடுப்பையும் பார்த்து 'ஃப்ரெஷி' என்று சிரிக்கிற பழக்கம் எங்கள் தலைமுறைக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை நிறுத்துவோம். உதவி கேட்டால் நாங்களே சட்ட ஆலோசனை சொல்ல வெளிக்கிடக் கூடாது. பதிவு பெறாதவர்கள் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம். பிழையான ஆலோசனை ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்', உள்ளூர்ச் சட்ட நிலையம், பதிவு பெற்ற ஆலோசகர் என்று சரியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கிழவி மாமாவுக்குச் செய்ததும் அவ்வளவுதானே. வரிசையில் பக்கத்தில் நின்றா.

மகளின் கதையை முடிக்க வேண்டும். அவள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினாள். ஆசிரியை அதை வாங்கி வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு வேண்டும்போது கொடுக்கிறேன், அவசரப்படுத்த வேண்டாம்" என்றார். அது எனக்கு நல்ல பாடம். மன்னிப்புக் கேட்டவுடனே எங்களை மன்னித்துவிட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு கடமையும் இல்லை. மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மகள் ஒவ்வொரு நாளும் முகம் வாடித்தான் வந்தாள். நானும் அதை ஆற்றப் போகவில்லை.

பிறகு ஒருநாள் இருவரும் ஒன்றாக வாசலுக்கு வந்தார்கள். அந்தத் தாயோடு கதைத்தேன். அரைத் தவணை விடுமுறையில் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். சாப்பிட என்ன பிடிக்கும் என்று நான் கேட்டதற்கு அவர் கேட்டது வேறு. "உங்கள் அடுப்பில் நான் சமைக்கலாமா?" ஏழு மாதமாக அடுப்பைத் தொடவில்லையாம். ஹோட்டல் அறையில் அடுப்பு இல்லை.

என் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து வெண்டிக்காயைக் கண்டதும் அவர் முகம் மாறிய விதத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. அவர்களுடைய ஊரிலும் அது அன்றாடச் சாப்பாடாம். வெங்காயமும் தக்காளியும் இறைச்சியும் சேர்த்து, வெண்டிக்காயைக் குழைய வைத்து ஒரு குழம்பு வைத்தார். பிள்ளைகள் மூன்று பேரும் மேல்மாடியில் குதிக்கிற சத்தம் கீழே கேட்டது. பெரிய மாமாவையும் கூப்பிட்டிருந்தேன். வந்து மேசையில் இருந்து, ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "வெண்டிக்காயை இப்பிடிக் குழைய விடக்கூடாது, பிள்ளை."

பிறகு கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.